‘நொய்சம்’ என்ற சொல்லில் சத்தம் இல்லை

‘நொய்சம்’ என்ற ஆங்கிலச் சொல்லில் என், ஓ, ஐ, எஸ், ஓ, எம், ஈ என்று ஏழே எழுத்து. பார்த்த மாத்திரத்தில் சத்தத்தைக் குறிக்கும் ‘நாய்ஸ்’ கண்ணில் படும், பின்னால் இருப்பது ஏதோ விகுதி என்று தோன்றும், ‘சத்தமான’ என்று மனம் முடிவுகட்டிவிடும். ஆனால் இந்தச் சொல்லுக்கும் காதுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மூக்கோடும் உடம்போடும்தான் இதற்கு உறவு. குமட்டல் எடுக்கவைக்கும் நாற்றமுள்ள என்பது இன்றைய பொருள். உடம்புக்குக் கேடு செய்கிற, பொல்லாத என்பது பழைய பொருள்.

முற்றிலும் அறியாத சொல் வந்தால் மொழிபெயர்ப்பவர் அகராதியைத் திறப்பார். தெரிந்த முகத்தோடு வருகிற சொல்லுக்கு யாரும் திறப்பதில்லை. அதுவே பெரிய ஆபத்து. அதைவிடப் பெரியது, தவறான பொருளும் அந்த வாக்கியத்தில் கச்சிதமாகப் பொருந்திவிடுவது. பழைய சிறைச்சாலை ஒன்றைப் பற்றி இப்படி ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்வோம்: தாழ்ந்த கூரை, ‘நொய்சம்’ அறை, ஈர வைக்கோலில் படுத்திருக்கும் நாற்பது கைதிகள். ‘நாற்பது பேர் அடைபட்டுக் கிடந்த, இரைச்சல் மிகுந்த அறை’ என்று தமிழில் வந்தால் எந்த மெய்ப்புத் திருத்துநரின் கண்ணிலும் அது உறுத்தாது. நாற்பது பேர் இருந்தால் இரைச்சல் இருக்கத்தானே செய்யும்? தப்பு அப்படியே அச்சேறிவிடும்.

அந்த வரியிலேயே சாட்சி இருக்கிறது. ஈர வைக்கோல். எழுதியவர் அதை வைத்திருப்பது மூக்குக்காக. நனைந்து மக்கிய வைக்கோல், வேர்வை, மூலையில் மலச்சட்டி, காற்றுப் புகாத தாழ்ந்த கூரை என எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஆகவே இந்தச் சொல்லைக் கண்டதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: சுற்றியுள்ள சொற்கள் எந்தப் புலனுக்கு வேலை கொடுக்கின்றன? காற்று, ஆவி, ஈரம், சாக்கடை, புகை, அழுகல், கூட்ட நெரிசல், நோய் ஆகியவை அக்கம்பக்கத்தில் இருந்தால் நாற்றம் அல்லது கேடு. கூச்சல், முழக்கம், செவிடு, எதிரொலி என்று இருந்தால், எழுதியவரே சொல்லைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கலாம். அதைப் பின்னால் பார்ப்போம்.

உச்சரிப்பும் ஒரு தடயம். ‘நாய்ஸ்’ என்று தமிழில் எழுதிப் பழகிவிட்ட சொல்லில் கடைசி ஒலி ‘இசட்’ எழுத்தின் அதிர்வொலி. ‘நொய்சம்’ சொல்லும்போது அந்த அதிர்வு வராது, ‘எஸ்’ ஒலிதான் வரும். இரண்டே அசை, அழுத்தம் முதல் அசையில். கடைசி நான்கு எழுத்தை ‘சோம்’ என்று நீட்டக் கூடாது. ‘டயர்சம்’, ‘ஹேண்ட்சம்’ என்பவற்றில் வருகிற அதே குறுகிய ‘சம்’. நினைவில் நிறுத்தத் தமிழே ஒரு வழி தருகிறது: முதல் அசையைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னால் ‘நோய்’. இந்த ஒற்றுமை தற்செயலானது, வேர் உறவு எதுவும் இல்லை. ஆனாலும் பொருளைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. மாணவர்களுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல கொக்கி கிடைக்காது.

உண்மையான வேர் வேறு. ‘அனாய்’ என்ற ஆங்கிலச் சொல் தெரியும், எரிச்சலூட்டு, தொல்லை கொடு என்பது. பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அடியில் இருப்பது ‘வெறுப்புக்குரியதாக’ என்ற லத்தீன் தொடர். இடைக்கால ஆங்கிலத்தில் அதன் தலை உதிர்ந்து ‘நொய்’ என்று நின்றது, தொல்லை, தீங்கு என்ற பொருளில். அதோடு ‘சம்’ சேர்ந்து 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘நொய்சம்’ பிறந்தது. அதாவது தீங்கு தருவது. ‘நாய்ஸ்’ வந்த வழியோ தனி. பழைய பிரெஞ்சில் அது சண்டை, அமளி. அதற்கும் பின்னால் போனால், கப்பல் பயணத்தில் வரும் குமட்டலைக் குறிக்கும் லத்தீன் ‘நாசியா’வில் போய் முடிகிறது என்பதே பெரும்பாலான அகராதிகளின் கருத்து. குமட்டலில் பிறந்த சொல் சத்தத்தைக் குறிக்கிறது. குமட்டலைக் குறிக்கிற சொல் வெறுப்பில் பிறந்தது. இவை இரண்டும் ஒரு குடும்பம் கிடையாது.

‘சம்’ விகுதியைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. முன்னால் உள்ள சொல் குறிப்பதை உண்டாக்கும், அல்லது அந்தக் குணம் உள்ளது என்பதே அதன் வேலை. ‘டிரபிள்சம்’ தொல்லை தருவது, ‘டயர்சம்’ சலிப்பூட்டுவது, ‘குவாரல்சம்’ சண்டைக்கு நிற்கும் குணமுள்ளது. ‘ஹேண்ட்சம்’கூட முதலில் கைக்கு அடக்கமானது, கையாள எளிதானது என்றுதான் இருந்தது; அழகுக்குப் பிறகே போனது. ‘ஹோல்சம்’ என்றால் உடம்பை முழுமையாக, நலமாக வைப்பது. இந்தக் கடைசிச் சொல்தான் ‘நொய்சம்’ என்பதன் நேர் எதிர். ஷேக்ஸ்பியரின் இரண்டாம் ரிச்சர்ட் நாடகத்தில், மூன்றாம் அங்கம் நான்காம் காட்சியில், தோட்டக்காரர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்: ‘ஹோல்சம்’ பூக்களிடமிருந்து மண்ணின் வளத்தை வீணாக உறிஞ்சும் ‘நொய்சம்’ களைகளைப் பிடுங்கப் போகிறேன் என்று. அந்தக் களைகள் நாறவில்லை. அவை கேடு செய்கின்றன. அந்த வரியில் ‘நாற்றமடிக்கும் களைகள்’ என்று போட்டால் தவறு. ‘பொல்லாத களைகள்’, ‘பாழ்பண்ணும் களைகள்’ என்பவை சரி.

பழைய பொருளைத் தமிழர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் ஆங்கில விவிலியத்தில் இந்தச் சொல் வரும் இடங்களைப் பழைய தமிழ் விவிலியத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சங்கீதம் 91:3இல் ஆங்கிலத்தில் ‘நொய்சம்’ கொள்ளைநோய். தமிழில் ‘பாழாக்கும் கொள்ளைநோய்’. எசேக்கியேல் 14இல் ‘நொய்சம்’ விலங்குகள், தமிழில் ‘துஷ்டமிருகங்கள்’. வெளிப்படுத்தின விசேஷம் 16:2இல் மனிதர்மேல் விழும் ‘நொய்சம்’ புண். தமிழில் ‘பொல்லாத கொடிய புண்’. மூன்று இடத்தில் மூன்று தமிழ்ச்சொல். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் மூலச் சொற்கள் வெவ்வேறானவை: ஓரிடத்தில் அழிவு, ஓரிடத்தில் தீமை, ஓரிடத்தில் கெட்டதும் கொடியதுமானது. ஆங்கிலம் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கியது. தமிழ் அந்தந்த இடத்துக்கு ஏற்பப் பிரித்துக்கொண்டது. ஒன்றில்கூட நாற்றம் இல்லை, சத்தமும் இல்லை. பிற்கால ஆங்கில விவிலியங்கள் சில அந்தச் சங்கீத வரியில் ‘டெட்லி’ என்று மாற்றிக்கொண்டன, கொல்லக்கூடியது என்று. பழைய சொல்லை இன்றைய வாசகர்கள் தவறாகப் படித்துவிடுவார்கள் என்பதே காரணமாக இருக்க வேண்டும்.

நாற்றம் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. பிறகு நெடுங்காலம் இரண்டும் ஒன்றாகவே இருந்தன; அதற்கு மருத்துவக் காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பிய மருத்துவர்களில் பெரும்பாலோர், அழுகலிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றே நோயைத் தருகிறது என்று நம்பினார்கள். ‘மியாஸ்மா’ கொள்கை என்று அதற்குப் பெயர். ‘மலேரியா’ என்ற பெயரே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள்படும். இங்கிலாந்தின் சுகாதாரச் சீர்திருத்தக்காரர் எட்வின் சாட்விக் 1846இல் நாடாளுமன்றக் குழுவின் முன், கடுமையான நாற்றம் எல்லாமே உடனடி நோய்தான் என்ற கருத்தில் சாட்சியம் சொன்னார். 1854இல் ஜான் ஸ்னோ, லண்டன் பிராட் தெருக் குழாய்த் தண்ணீரே காலராவைப் பரப்பியது என்று காட்டிய பிறகும் அந்த நம்பிக்கை உடனே போகவில்லை. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறியபோது, நாடாளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள், காற்று உள்ளே வந்தால் நோய் வரும் என்று. ஜோசப் பசால்ஜெட் கட்டிய பெரும் சாக்கடைத் திட்டத்துக்கு அந்தக் கோடைதான் வழி திறந்தது.

இது மொழிபெயர்ப்பவருக்கு நேரடியாக உதவுகிற வரலாறு. அந்தக் காலத்து ஆங்கில எழுத்தில் ஒரு சந்தை, ஒரு ஆஸ்பத்திரி வார்டு, ஒரு சதுப்பு நிலம் ‘நொய்சம்’ என்று வந்தால், எழுதியவர் மனத்தில் நாற்றமும் நோயும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக இருந்தன. வெறும் ‘துர்நாற்றம் வீசும்’ என்று நிறுத்தினால் பாதிப் பயம் தொலைந்துபோகும். ‘நோய் பரப்பும் நாற்றம்’, ‘நச்சுக் காற்று’ என்று இரண்டையும் கட்டிக் கொண்டுவர வேண்டும். ஆகவே நூல் எந்த ஆண்டு எழுதப்பட்டது என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. 1600ஐ ஒட்டியோ அதற்கு முன்னோ என்றால் பெரும்பாலும் கேடு. 18, 19ஆம் நூற்றாண்டு என்றால் நாற்றமும் கேடும் கலந்தது. 20ஆம் நூற்றாண்டு முதல் பெரும்பாலும் நாற்றம் மட்டும், சில சமயம் உருவகமாக ‘அருவருப்பான’. இது எல்லைக்கோடு போட்ட கணக்கு இல்லை. முதலில் எந்தப் பொருளைச் சோதிப்பது என்பதற்கான வரிசை, அவ்வளவே.

இனித் தமிழ்ச்சொல். இதில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும், செலவழிக்கலாம், ஏனென்றால் தமிழ் இதில் பணக்கார மொழி. ‘நொய்சம்’ என்ற சொல் எந்த வகை நாற்றம் என்று சொல்வதில்லை. அது மனிதரை என்ன செய்கிறது என்று மட்டும் சொல்கிறது. தமிழிலோ நாற்றத்தின் பிறப்பிடத்தைச் சொல்லும் சொற்கள் வரிசையாக நிற்கின்றன. பச்சை மீனுக்குக் கவிச்சி. மீன் கழுவிய தண்ணீர் தேங்கினால் வீச்சம். அழுகிய இறைச்சிக்கு முடைநாற்றம். மிளகாய் கருகினாலும் மூத்திரச் சந்திலும் நெடி. பழைய எண்ணெய்க்குச் சிக்கு வாடை. நேற்றைய குழம்புக்கு ஊசல். பூட்டிக் கிடந்த அறைக்கு மக்கல் வாடை. ஆகவே முதல் வேலை, மூலத்தில் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. தோல் பதனிடும் சந்து என்றால் ‘வீச்சமடிக்கும் சந்து’. ரசாயனப் புகை என்றால் ‘மூக்கை அறுக்கும் நெடி’. நிலவறை என்றால் ‘மக்கிப்போன வாடை’. பிறகு இரண்டாம் வேலை, அதன் விளைவைச் சேர்ப்பது: குடலைப் புரட்டும், மூக்கைப் பொத்தவைக்கும், தலை கிறுகிறுக்கவைக்கும். பிறப்பிடம் ஒன்று, விளைவு ஒன்று, இரண்டு சொல்லுக்குமேல் வேண்டாம். மேலே சொன்ன சிறை வரியை இப்படி முடிக்கலாம்: ‘தலை இடிக்கும் கூரை, ஈர வைக்கோல் மக்கிக் குடலைப் புரட்டும் அறை, நாற்பது பேர் அதில்தான் படுத்தார்கள்.’

‘துர்நாற்றம்’ என்ற சொல் எல்லா இடத்துக்கும் பொருந்தும், ஆனால் எந்த இடத்திலும் மணக்காது. நகராட்சி அறிக்கைக்கு அது போதும், கதைக்குப் போதாது. ‘நாற்றம்’ என்பதிலும் ஒரு கவனம் தேவை. பழந்தமிழில் அது நல்ல மணத்துக்கும் உரிய சொல். கண்ணனின் வாய் கற்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ என்று ஆண்டாள் வெண்சங்கிடம் கேட்டது நறுமணத்தைத்தான். இன்று யாரிடமாவது ‘உங்கள் வீடு நாறுகிறது’ என்றால் சண்டை வரும். பொதுவான சொல் கெட்ட பக்கம் சாய்ந்துவிட்டது. ‘நொய்சம்’ கேட்டிலிருந்து நாற்றத்துக்கு நகர்ந்ததும் இதே மாதிரியான நகர்வுதான். தமிழ் வாசகருக்கு இந்தச் சொல் வரலாற்றை விளக்க ஆங்கில உதாரணத்தைத் தேடிப்போக வேண்டியதில்லை, நம் ‘நாற்றம்’ போதும்.

பக்கத்து வீட்டுச் சொற்களோடு குழப்பிக்கொள்வது இன்னொரு பிழை. ‘நாக்ஷியஸ்’, ‘நியூசன்ஸ்’ இரண்டும் ‘தீங்கு செய்’ என்ற லத்தீன் வினையின் குடும்பத்தைச் சேர்ந்தவை, ‘நொய்சம்’ அந்தக் குடும்பத்தில் இல்லை. சட்டத்தில் புழங்குவது அந்த இரண்டும்தான். 2024 வரை நடப்பில் இருந்த 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 268ஆம் பிரிவு பொதுத்தொல்லை, அதாவது ‘நியூசன்ஸ்’. 278ஆம் பிரிவு, காற்றை மக்கள் உடல்நலத்துக்குக் கேடாக்குவது. அங்கே இருந்த சொல் ‘நாக்ஷியஸ்’, கேடு விளைவிக்கிற என்று பொருள். வேறுபாட்டைப் பிடிக்க ஒரு வாயு போதும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, ஆளைக் கொல்லும். அது ‘நாக்ஷியஸ்’, ஒருபோதும் இன்றைய பொருளில் ‘நொய்சம்’ ஆகாது. சாக்கடையில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை போல நாறும், அது இரண்டும். ஆனால் அதன் அளவு பத்து லட்சத்தில் சுமார் 100 பங்கைத் தாண்டும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். பாதாளச் சாக்கடையில் இறங்கியவர்கள் ‘வாடை குறைந்துவிட்டது’ என்று நம்பி மாண்டுபோவது இதனால்தான். இப்படிப்பட்ட மரணங்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘நொய்சம்’ வாயு என்று எழுதக் கூடாது. அவர்களைக் கொன்றது நச்சு, நாற்றம் இல்லை. ‘டாக்ஸிக்’ என்று நேராகச் சொல்ல வேண்டிய இடம் அது.

இப்போது எழுதியவரே தவறு செய்திருந்தால்? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இந்தச் சொல்லைச் ‘சத்தமான’ என்ற எண்ணத்தில் எழுதுவதுண்டு. மோட்டார் பைக், இசைக் கச்சேரி, பள்ளி இடைவேளை ஆகியவற்றோடு சேர்ந்து வந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆசிரியர் உயிரோடு இருந்தால் பதிப்பகம் வழியாக ஒரு வரி கேட்டுவிடுவதே நேர்மையான வழி. கேட்க முடியாவிட்டால் ‘சகிக்க முடியாத’ என்ற சொல் கைகொடுக்கும். நாற்றத்துக்கும் பொருந்தும், சத்தத்துக்கும் பொருந்தும், மூலத்தைத் திருத்தியதாகவும் ஆகாது. ஆனால் பைக் வரும் வரியிலேயே புகை என்றும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். எண்ணெய்ப் புகை கக்கும் பழைய வண்டி ‘நொய்சம்’ ஆக இருக்க எல்லாத் தகுதியும் கொண்டது.

நாமே ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தச் சொல் தேவையா? தெருச் சாக்கடை பற்றி மாநகராட்சிக்கு மனு எழுதுகிறவர் ‘நொய்சம்’ சாக்கடை என்று எழுதினால், படிக்கிற அலுவலர் சத்தம் போடும் சாக்கடையா என்று விழிப்பார், மனு தாமதமாகும். அங்கே ‘ஸ்டிங்கிங்’, ‘ஃபவுல் ஸ்மெல்லிங்’ போதும். அகராதிகள் இதை இலக்கியச் சொல் என்றோ முறைசார் சொல் என்றோ குறிப்பதும் இதற்காகத்தான். கட்டுரையில், கதையில் பயன்படுத்துவதானால் நாற்றத்துக்கான வேறொரு குறிப்பைப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும்: ‘நொய்சம்’ ஆவி, ‘நொய்சம்’ கழிவுநீர், ‘நொய்சம்’ புகை. ‘நொய்சம்’ கூட்டம், ‘நொய்சம்’ தெரு என்று மொட்டையாக விட்டால் படிப்பவர் தவறான பக்கம் போவது நிச்சயம். ஒப்பீட்டுக்கு ‘மோர்’, ‘மோஸ்ட்’ முன்னால் வரும். வினையடை, பெயர்ச்சொல் வடிவங்களும் உண்டு, நடைமுறையில் கண்ணில் படுவது அபூர்வம்.

போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இது பழைய எதிரி. வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.ஈ. தேர்வின் சொற்பட்டியல்களில் தவறாமல் இருக்கும். விடைத் தேர்வுகளில் ‘லவுட்’, ‘கிளாமரஸ்’ (கூச்சல் மிகுந்த) போன்ற சத்தச் சொற்களைப் பக்கத்தில் வைப்பது வினா எழுதுவோரின் வழக்கமான பொறி. இணைச்சொல்லாக ‘ஃபெட்டிட்’, ‘மல்ஓடரஸ்’, பழைய பொருளில் ‘நாக்ஷியஸ்’ தேடுங்கள். எதிர்ச்சொல்லாக ‘ஹோல்சம்’, ‘சலூப்ரியஸ்’, ‘ஃப்ராக்ரண்ட்’. ‘நாய்ஸ்லெஸ்’ எதிர்ச்சொல் போலக் காட்சி தரும், தொடாதீர்கள்.

இதே மாதிரி வேஷம் போட்டு வருகிற சில சொற்களையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைப்பது நல்லது. ‘ரெஸ்டிவ்’ என்பதில் ஓய்வு இல்லை, நிலைகொள்ளாத என்று பொருள். ‘மெரிட்ரிஷியஸ்’ என்பதில் தகுதி இல்லை, வெளிப்பகட்டு. ‘எனர்வேட்டட்’ என்பதில் தெம்பு இல்லை, தெம்பு உறிஞ்சப்பட்ட நிலை. ‘ஃபுல்சம்’ புகழ்ச்சி என்றால் நிறைவான பாராட்டு என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது திகட்டும் முகஸ்துதி. மொழிபெயர்ப்பு முடிந்ததும் மூலக் கோப்பில் ‘நொய்சம்’ உட்பட இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தேடல் பெட்டியில் போட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது. ‘நொய்சம்’ கிடைக்கும் ஒவ்வொரு இடத்திலும் தமிழ் வரியைத் திறந்து, எந்தப் புலன், எந்த ஆண்டு, எங்கிருந்து வரும் நாற்றம் என்று மூன்றையும் கேட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். தமிழ்க் கோப்பிலும் ‘இரைச்சல்’, ‘சத்தம்’, ‘ஆரவாரம்’ என்று தேடுங்கள். மூலத்தில் சத்தமே இல்லாத பக்கத்தில் இவற்றில் ஒன்று வந்து நின்றால், அந்த வரியை மூலத்தோடு மீண்டும் ஒருமுறை ஒப்பிட்டாக வேண்டும்.